ஆட்டுக்கு மீசை

நிலத்தைப் பங்கு போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். வீட்டைப் பங்கு போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். பித்தளை அண்டாவுக்கு இரண்டு நாள் அடித்துக்கொண்டவர்கள்கூட எங்கள் தெருவில் உண்டு. ஆனால் செய்தித்தாளைப் பங்கு போட்ட குடும்பம் திருத்தணியிலேயே எங்களுடையதாகத்தான் இருக்கும்.

என் பெயர் கோவிந்தம்மாள். வீட்டுக்காரர் ராஜமாணிக்கம். அவருக்கு ஒரே தம்பி, சந்திரமோகன். மலைக்குக் கீழே பழைய வீடு, கே.ஜி.கண்டிகைப் பக்கம் நிலம். அந்த நிலத்தில் ரோட்டை ஒட்டிய துண்டு யாருக்கு என்பதில் அண்ணன் தம்பிக்குள் வார்த்தை தடித்தது. ஒன்பது வருடத்துக்கு முன்னால் நாலு பெரிய மனிதர்கள் உட்கார்ந்து எல்லாவற்றையும் பிரித்தார்கள். வீட்டுக்கு நடுவில் ஆள் உயரத்துக்குச் சுவர் என்று முடிவானது. எல்லோரும் வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்திருக்கும்போது கொழுந்தன் கேட்டான்.

"பேப்பரு?"

ஒருவர் சிரித்தேவிட்டார். "ஆளுக்கு ஒண்ணு வாங்கிக்கோங்கப்பா, அதுக்குமா பஞ்சாயத்து?"

அதில் ஒரு சிக்கல் இருந்தது. எங்கள் மாமனார் போய்ப் பன்னிரண்டு வருடம் ஆகியும் அந்தப் பேப்பர் அவர் பெயரில்தான் வந்தது. ஏஜெண்ட் டில்லிபாபு தினமும் மூலையில் பென்சிலால் 'பாலசுப்பிரமணியன்' என்று எழுதித்தான் போடுவார். அப்பா பெயர் எழுதிய பேப்பரை விட்டுக்கொடுக்க இரண்டு பேருக்கும் மனமில்லை. கடைசியில் அதையும் தீர்ப்பில் சேர்த்தார்கள்: காலையில் பெரியவன் படிப்பது, எட்டு மணிக்கு மேல் சுவரைத் தாண்டிச் சின்னவனுக்குக் கொடுப்பது.

பேப்பரில் அப்படி என்ன இருக்கிறது என்று வெளியாள் கேட்பார்கள். உள்தாளில், ஏழாம் பக்கத்தில், கீழே மூன்று கட்டம் இருக்கிறது. 'ஏழரை ஏகாம்பரம்.' எலும்பும் தோலுமாக ஒரு ஆள், அவனைவிடப் புத்திசாலியாக ஒரு ஆடு. ஏகாம்பரம் ஒன்று நினைப்பான், ஆடு ஒன்று செய்யும், மூன்றாவது கட்டத்தில் ஏகாம்பரம் தலையில் கை வைத்திருப்பான். அவ்வளவுதான் விஷயம். என் மாமனார் அதைச் சத்தமாகப் படித்துவிட்டுத்தான் முகம் கழுவப் போவார். பிறகு பிள்ளைகள் இரண்டு பேரும் பிடித்துக்கொண்டார்கள். பிறகு என் மகள் கவிதா. வரைந்தவர் காலமாகி இப்போது அவர் பிள்ளை வரைகிறாராம். ஏகாம்பரத்துக்கும் நரைக்கவில்லை, ஆட்டுக்கும் வயதாகவில்லை. வயதானது எங்களுக்குத்தான்.

நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பார்க்கிறேன், அந்த ஆட்டுக்கு யாராவது பேனாவால் மீசை போட்டிருப்பார்கள். தாடிக்கு மேலே, இரண்டு பக்கமும் மேல்நோக்கிச் சுழித்த மீசை. ஆம்பிளைப் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் கையில் பேனா கிடைத்தால் இதுதான் நடக்கும் என்று விட்டுவிட்டேன். ஏன் என்று ஒரு நாளும் கேட்கவில்லை. கேட்காமல் விட்டதில் பெரிய தப்பு அது.

இனி நான் செய்ததைச் சொல்கிறேன்.

சுவரில் கடைசி வரிசைச் செங்கல் வைத்த அன்று, முதல் முறையாகப் பேப்பரை அந்தப் பக்கம் நீட்டினேன். கொழுந்தன் பெண்டாட்டி தேவயானி வாங்கிக்கொண்டாள். வாங்கிக்கொண்டு சும்மா போயிருக்கலாம். "மூத்தவங்க படிச்சிட்டு குடுத்தா அது எச்சிப் பேப்பருதான்" என்று, எனக்குக் கேட்க வேண்டும் என்றே சொல்லிவிட்டுப் போனாள்.

எச்சில்தானே, இனிமேல் கொஞ்சம் கடித்தே கொடுக்கிறேன் என்று எனக்குள் ஒரு வேகம் வந்தது. மறுநாள் காலை, அவர் பேப்பர் படித்துவிட்டு நிலத்துக்குக் கிளம்பியதும், ரவிக்கைத் துணி வெட்டுகிற கத்தரிக்கோலை எடுத்து ஏழாம் பக்கத்தில் அந்த மூன்று கட்டத்தையும் வெட்டி எடுத்தேன். தாளை அழகாக மடித்துச் சுவரைத் தாண்டிக் கொடுத்தேன். தேவயானி வந்து கேட்கட்டும், பதில் தயாராக இருந்தது. என் வாய்க்கு எங்கள் தெருவே பயப்படும்.

யாரும் வந்து கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் கவிதா போன் பண்ணினாள். அம்மையார்குப்பத்தில் தறி வைத்திருக்கும் குடும்பத்தில் அவளைக் கொடுத்து அப்போது மூன்று மாதம். விசைத்தறிச் சத்தத்தில் அவள் பேசுவதே பாதிதான் கேட்கும். அந்த வீட்டில் பேப்பர் வாங்குவதில்லை. "ஏகாம்பரம் இன்னிக்கி இன்னா பண்ணாரும்மா?" என்று கேட்டாள். கேட்கும்போதே குரல் உடைந்துவிட்டது. வெட்டிய துண்டு என் கையில் இருந்தது. படித்துக் காட்டினேன். சிரித்தாள்.

அப்புறம் என்ன, அதுவே வழக்கமாகிவிட்டது. ஆத்திரத்தில் ஆரம்பித்ததற்குப் பாசம் என்று பெயர் வைத்துக்கொண்டேன். தினமும் வெட்டுவேன், அரிசி டப்பாவுக்குப் பின்னால் சேர்த்து வைப்பேன். மாதா மாதம் கிருத்திகைக்குக் கவிதா மலை ஏற வருவாள், சாமி கும்பிட்டு இறங்கியதும் அந்தத் துண்டுகளை எடுத்துக்கொண்டு போவாள். பழைய நோட்டுகளில் ஒட்டி வைத்தாள். அவளுக்குப் பெண் பிறந்தாள், மோனிஷா. அந்தக் குழந்தை எழுத்துக் கூட்டிப் படித்த முதல் வார்த்தை 'ஏகாம்பரம்'. ஆட்டின் மீசையைப் பார்த்து, "தாத்தா எனுக்காகப் போட்டுக்கீறாரு" என்று சொல்லிக்கொள்வாளாம். நானும் அதைத் திருத்தவில்லை.

ஒன்பது வருடம். என் வீட்டுக்காரருக்கு இது தெரியாது. காலையில் ஆறு மணிக்குப் படிப்பார், பேனாவால் ஏதோ கிறுக்குவார், கிளம்பிவிடுவார். அவர் போன பிறகுதான் கத்தரிக்கோல். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை வந்திருந்தால் விட்டிருப்பேன். சந்திரமோகன் கேட்கவே இல்லை. அண்ணனும் தம்பியும் தெருவில் எதிரெதிரே வந்தால் ஒருவர் மலையைப் பார்ப்பார், ஒருவர் தரையைப் பார்ப்பார். கல்யாணம் காட்சிகளில் வேறு வேறு பந்தி.

போன ஆவணியில் அவர் படுத்தார். வேலூருக்குக் கொண்டுபோனோம். எல்லாப் பரிசோதனையும் முடித்துவிட்டு, நோய் ஈரல் முழுக்கப் பரவிவிட்டது, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். ஜன்னல் ஓரம் கட்டிலைப் போட்டேன். அங்கிருந்து பார்த்தால் பொதுச் சுவர் தெரியும்.

நாலாம் நாள் காலையில், "பேப்பரு வந்துச்சா?" என்றார். கண் மங்கிவிட்டிருந்தது, எழுத்து தெரியவில்லை. "ஏகாம்பரத்த மட்டும் படி" என்றார்.

படித்தேன். முதல் கட்டத்தில் ஏகாம்பரம் வீட்டுக்குப் பெரிய பூட்டு வாங்கி மாட்டுகிறான். இரண்டாவதில் ஆடு எதையோ மென்றுகொண்டிருக்கிறது. மூன்றாவதில் பூட்டிய கதவுக்கு வெளியே ஏகாம்பரம் படுத்திருக்கிறான், பக்கத்தில் திருடன் உட்கார்ந்திருக்கிறான். 'ஆடு எப்ப சாவியப் போடும் சார், நானும் அதுக்குத்தான் காத்திருக்கேன்' என்கிறான் திருடன்.

அவர் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்கி, மறுபடியும் சிரித்தார். பிறகு கையை நீட்டினார்.

"பேனா குடு."

கொடுத்தேன். பிடிக்க முடியவில்லை, விரலுக்கு நடுவில் நழுவி விழுந்தது.

"நீயே போடு கோவிந்தம்மா. ஆட்டுக்கு மீச."

"இப்பப் போயி மீச எதுக்குங்க?"

"மோகன் பாக்கணும்ல."

எனக்குப் புரியவில்லை. அவர் மெதுவாக, மூச்சு விட்டு விட்டுச் சொன்னார்.

"அவன் அஞ்சு வயசுல ஒரு நாளு கேட்டான். ஆட்டுக்குத் தாடி கீது, மீச ஏன் இல்லன்னு. நான் பென்சிலால போட்டுக் குடுத்தேன். வயித்தப் புட்சிக்கினு சிரிச்சான். அன்னிலேர்ந்து எவன் மொதல்ல படிக்கிறானோ அவன் மீச போடணும், ரெண்டாவதா படிக்கிறவன் பாத்துச் சிரிக்கணும். அதான் எங்களுக்குள்ள."

ஜன்னல் பக்கம் தலையைத் திருப்பினார்.

"சுவரு எழுப்புன அன்னிக்கிகூட நான் மீச போடறத வுடல. வாய் பேசலன்னா இன்னா இப்போ? ஆறு மணிக்கு நான் சிரிக்கிறேன், எட்டு மணிக்கு அவன் சிரிக்கிறான். ஒம்பது வருசமா தெனம் சிரிச்சிக்கினுதானே கீறோம்."

அலமாரியில் கத்தரிக்கோல் இருந்தது. நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. அடுப்பில் ஏதோ வைத்த மாதிரி எழுந்து உள்ளே போய், வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டு அழுதேன். சத்தம் வந்தால் ஏன் என்று கேட்பார். கேட்டால் என்ன சொல்வது?

திரும்பி வந்து மீசை போட்டேன். இரண்டு பக்கமும் கீழே தொங்கிவிட்டது.

"மேல சுழிச்சி வுடணும்" என்றார், கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்துவிட்டு. "சரி, பரவால்ல. எனுக்கு முடியலன்னு புரிஞ்சிக்குவான். வருவான்."

அன்று வெட்டாமல் கொடுத்தேன். தேவயானி வாங்கிக்கொண்டு போனாள். வீட்டு முன்னால் பூவரச மரத்துக் காக்காய்கூட என்னைப் பார்த்திருக்கும், அன்று முழுவதும் நான் வாசலுக்கும் உள்ளுக்கும் எத்தனை தடவை நடந்தேன் என்று. ஒன்பது வருடம் ஓட்டையாக வந்த தாள் முழுசாக வந்திருக்கிறது, அதில் தொங்குகிற மீசை இருக்கிறது, ஒரு மனிதனுக்கு ஒன்றும் தோன்றாதா? வரவில்லை.

சாயங்காலம் அவர் கேட்டார். "மோகன் வூட்ல சிரிப்புச் சத்தம் கேட்டுச்சா?"

"ஆங், கேட்டுச்சு" என்றேன்.

மறுநாளும் மீசை போட்டுக் கொடுத்தேன். மூன்றாம் நாளும். இரண்டு அடி எட்டி நின்று, 'மோகன், உன் அண்ணன் கூப்பிடறாரு' என்று ஒரு சத்தம் கொடுத்திருந்தால் போதும். தெருவே பயப்படுகிற வாய் எனக்கு இருந்தது. அந்த மூன்று நாளும் அது திறக்கவில்லை. வந்தால் அவன் முதலில் கேட்கப் போவது அந்த ஓட்டையைப் பற்றித்தான். கட்டிலில் கிடக்கிற மனிதர் அதைக் கேட்க வேண்டியிருக்கும். தான் மட்டுமே சிரித்துக்கொண்டிருந்தது அவருக்குத் தெரிந்துவிடும். அவருக்காகத்தான் வாயை மூடினேன் என்று சொல்லிக்கொள்கிறேன். என் மானத்துக்காகவும்தான். எது எவ்வளவு என்று எனக்கே தெரியாது.

மூன்றாம் நாள் மத்தியானம் கவிதா மடியில் தலை வைத்து அவர் போய்விட்டார். கவிதா "நைனா, நைனா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.

சாவு என்றதும் சந்திரமோகன் வந்தான். எங்களுக்கு ஆண் பிள்ளை இல்லை, கொள்ளி அவன்தான் வைக்க வேண்டும். தலையை மழித்து, மீசையை எடுத்து, ஈர வேட்டியோடு பானையைத் தோளில் வைத்துக்கொண்டு சுற்றி வந்தான். அழவில்லை. கல்நெஞ்சுக்காரன் என்று நான் மனதுக்குள் திட்டினேன். திட்டுவதற்கு எனக்கு என்ன யோக்கியதை இருந்தது என்று அப்போது நினைக்கவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. சொந்தக்காரர்கள் அரக்கோணம் வண்டியைப் பிடிக்கப் போனார்கள். கவிதாவிடம் முன்னாலேயே சொல்லி, அந்த நோட்டுகளை எல்லாம் கொண்டுவரச் செய்திருந்தேன். எட்டு நோட்டு. துணிப்பையில் போட்டுக்கொண்டு தெருவைச் சுற்றி, ஒன்பது வருடத்துக்குப் பிறகு அந்த வீட்டு வாசற்படி ஏறினேன்.

சந்திரமோகன் எழுந்து நின்றான். "வாங்க அண்ணி" என்றான். மீசை இல்லாத முகத்தில் அவனைப் பார்த்தால், நான் கல்யாணமாகி வந்த வருடம் பார்த்த பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரியே இருந்தது. தேவயானி தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். நான் குடிக்கவில்லை.

"மூணு நாளு உன்ன கூப்ட்டாரு மோகன். ஏன் வரல?"

"யாரும் வந்து கூப்புடலயே அண்ணி."

"பேப்பர்ல கூப்ட்டாரு. மீச போட்டு."

அவன் முகம் மாறியது.

"அண்ணி, நான் ஏழாம் பக்கத்தப் பாத்தே வருசக் கணக்காவுது. சுவரு முடிஞ்ச மறுநாளே ஓட்டையா வந்துச்சு. ஏதோ கோவம்னு வுட்டேன். மறுநாளும் ஓட்ட. பத்து நாளு பாத்தேன், ஒரு மாசம் பாத்தேன். அப்பறம் உள்தாள உருவிப் பரண்மேல போட்டுட்டு மிச்சத்த மட்டும் படிப்பேன். அந்த ஓட்டையப் பாக்க முடியல." குரலை அடக்கிக்கொண்டான். "நெலத்துக்காக நான் ஒரு நாளும் வருத்தப்படல. நாலு வெரல் அகலம் பேப்பரு. அத்தகூட எனுக்குக் குடுக்க மனசு வரலியே அண்ணனுக்கு, அதான் தாங்கல."

"வெட்னது அவரு இல்ல."

நிமிர்ந்து பார்த்தான்.

"நான்தான் வெட்னேன். மொத நாள்லேர்ந்து. அவருக்குத் தெரியாது. சாவற வரைக்கும் தெரியாது."

திட்டுவான் என்று காத்திருந்தேன். ஒரு அறை அறைந்திருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன். தேவயானி சமையலறை வாசலில் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். எச்சில் என்று தான் சொன்னது அவளுக்கு ஞாபகம் இருந்ததோ என்னவோ. சந்திரமோகன் ஸ்டூலைப் போட்டு ஏறினான். பரணிலிருந்து தாள் கட்டை இறக்கித் தேதி பார்த்து, அந்த மூன்று நாளின் உள்தாளையும் எடுத்தான். தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்தான். மூன்றிலும் ஏழாம் பக்கம் முழுசாக இருந்தது. ஆட்டின் முகத்துக்குக் கிட்டே குனிந்து பார்த்தான்.

"இது அண்ணன் போட்ட மீச இல்லியே" என்றான்.

"ஆங். அவருக்குப் பேனா புடிக்க வரல. நான் போட்டேன்."

பையிலிருந்து நோட்டுகளை எடுத்து அவன் முன்னால் அடுக்கினேன். மேலே இருந்ததைத் திறந்தான். பசை காய்ந்து தாள் மொடமொடவென்று இருந்தது. ஒரு பக்கத்துக்கு இரண்டு என்று கவிதா ஒட்டியிருந்தாள். ஒவ்வொன்றிலும் ஆட்டுக்கு மீசை, இரண்டு பக்கமும் மேலே சுழித்தது. நீல மையில், சில நாள் கறுப்பில், ஒரு மாதம் முழுக்கப் பச்சையில். சுவர் எழுப்பிய மறுநாள் தேதியும் அதில் இருந்தது. அவன் பக்கங்களைத் திருப்பிக்கொண்டே போனான். விரலால் ஒவ்வொரு மீசையையும் தொட்டான்.

"தெனமுமா அண்ணி?"

"படுக்கற வரைக்கும் ஒரு நாளு வுடல. மழைக்கிப் பேப்பரு நனைஞ்சி வந்தாகூட அடுப்புல காட்டி ஒணத்திட்டுப் போடுவாரு. நீ பாத்து சிரிக்கிறன்னு நெனச்சிக்கினே போய்ட்டாரு."

அவன் கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை. தண்ணீர் பாட்டுக்கு நோட்டில் விழுந்தது. நோட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டு, முதல் பக்கத்துக்குத் திரும்பிப் போய், ஒன்பது வருடத்துக்கு முந்திய அந்த முதல் மூன்று கட்டத்தைப் படித்தான். ஏகாம்பரம் குடையைத் தேடி ஊரெல்லாம் அலைகிறான், ஆடு அதைப் பிடித்துக்கொண்டு அவன் பின்னாலேயே வருகிறது. சந்திரமோகனின் உதடு கோணியது. அழப்போகிறான் என்று நினைத்தேன். சிரித்தான். அடுத்ததைப் படித்தான், இன்னும் பெரிதாகச் சிரித்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, அழுகையும் சிரிப்புமாக, நிறுத்த முடியாமல் சிரித்தான்.

சுவருக்கு அந்தப் பக்கம், எங்கள் வீட்டில், நன்றாகக் கேட்டிருக்கும். அங்கே ஜன்னல் ஓரத்தில் கட்டில் காலியாக இருந்தது.